மதராஸ் பெயர் தாங்கிய ஸ்பிட்ஃபயர்: டமியா 1/48 கிட்டும் புல்தரை பேஸும், சில வருடங்களுக்குப் பிறகு

மாடல் கம்பெனியான டமியாவின் 1/48 (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு அளவு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர்விமானத்தின் பிளாஸ்டிக் கிட்டைக் கட்டி முடித்த சூட்டோடு எழுதப்பட்ட விமர்சனங்கள் ஏராளம். பாகங்கள் எவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன என்று எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். அந்தப் பாராட்டு நியாயமானதுதான். ஆனால் நம் ஊர் வெயிலிலும் ஐப்பசி ஈரத்திலும் சில வருடம் அலமாரியில் நின்ற பிறகு அது எப்படி இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. என்னுடையது முழுசாக நிற்கிறது. அதற்கு முக்கியக் காரணம் அதன் கீழே இருக்கும் பேஸ், அதாவது புல்தரை போலச் செய்த பலகை என்பது என் உறுதியான கருத்து. அதனால் கிட்டைவிட பேஸைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில், ஏன் இந்த விமானம்? 1940-இல் பிரிட்டன் வான்போரில் பறந்த பிரிட்டிஷ் விமானப்படை அணிகளில் (ஸ்குவாட்ரன்) ஒன்றின் முழுப் பெயர் 234 (மதராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன். நம் மாகாணத்திலிருந்து போர் நிதிக்குப் போன பணத்துக்காக வந்த பெயர் அது. 1939 அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் லெக்கன்ஃபீல்ட் தளத்தில் மீண்டும் தொடங்கப்பட்ட அணி. 1940 மார்ச்சில் அதற்கு ஸ்பிட்ஃபயர் கிடைத்தது. கார்ன்வாலில் செயின்ட் ஈவலில் இருந்துவிட்டு, ஆகஸ்ட் நடுவில் ஹாம்ப்ஷயரின் மிடில் வாலப் தளத்துக்கு வந்து, சண்டை உச்சத்தில் இருந்த வாரங்களை அங்கே கழித்தது. அந்தப் போரில் ஆஸ்திரேலியர்களிலேயே அதிக விமானங்களை வீழ்த்திய பேட் ஹியூஸ் இந்த அணிக்காரர். செப்டம்பர் 7 அன்று இறந்தார். சென்னையில் மாடல் கட்டுகிற ஒருவர் ஸ்பிட்ஃபயர் செய்வதென்றால் இதைவிடப் பொருத்தமான அணி இல்லை. இன்னொரு சின்ன சந்தோஷமும் உண்டு. ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் 11.23 மீட்டர். அதை 48-ஆல் வகுத்தால் கிடைப்பது 234 மில்லிமீட்டர்!

கிட் பற்றிச் சுருக்கமாக. 2018 இறுதியில் வந்த புது அச்சு இது. 1990-களில் வந்த பழைய டமியா ஸ்பிட்ஃபயரும் இன்னும் சில கடைகளில் கிடைக்கலாம் என்பதால் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். பாகங்களை ஸ்ப்ரூவிலிருந்து (அவற்றைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) வெட்டி, வெட்டிய இடத்தை 600, 1000 எண் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். இடைவெளி அடைக்கும் புட்டிக்கு வேலையே இல்லை. நான் ஒட்டியது பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் சிமென்ட்டால். இது ஃபெவிகால் போல இரண்டுக்கும் நடுவே ஒரு படலமாக நிற்பதில்லை. பாலிஸ்டைரீனையே கரைத்து இரு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்து, இணைப்பின் மேல் பிரஷ்ஷைத் தொட்டால் திரவம் தானாக உள்ளே ஓடும். இத்தனை வெயில் பார்த்த பிறகும் ஓர் இணைப்புகூட வாய் திறக்கவில்லை. விமானி அறையின் கண்ணாடி மூடிக்கு மட்டும் வெள்ளைக் கோந்து. சூப்பர் க்ளூவின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கைப் புகைமூட்டம் ஆக்கிவிடும்.

பெயின்ட் விஷயத்தில் நம் கடற்கரைக் காற்றுக்கு மரியாதை கொடுக்க வேண்டும். ஈரப்பதம் அதிகமான நாளில் லாக்கர் வகை வார்னிஷ் அடித்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். கரைப்பான் வேகமாக ஆவியாகிப் பரப்பு குளிர்ந்துவிடுவதால் காற்றிலிருக்கும் நீர் அதன்மேல் படிகிறது, அதுதான் காரணம். மழைக்காலத்தில் லாக்கர் வேலையை நிறுத்திவிட்டு பேஸ் வேலை பார்ப்பது என் வழக்கம். கம்ப்ரஸருக்கு ஈரம் பிடிக்கும் குடுவை இல்லாமல் சென்னையில் ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் கருவி) பிடிப்பது வீண். டமியா பெயின்ட் எண்களில் சொன்னால், மேல்பக்கம் பழுப்புக்கு எக்ஸ்எஃப்-52, பச்சைக்கு எக்ஸ்எஃப்-81, அடிப்பக்கம் எக்ஸ்எஃப்-21. எல்லாவற்றிலும் சிறிது வெள்ளை கலந்தேன். இவ்வளவு சின்ன அளவில் நிறம் ஓரளவு வெளிறி இருந்தால்தான் கண்ணுக்கு நிஜமாகப் படும். 1940 ஜூனுக்கு முன் என்றால் அடிப்பக்கம் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஆகஸ்ட் என்பதால் முழுவதும் வெளிர் ஸ்கை நிறம்.

அணியின் குறியெழுத்துகளான 'ஏ', 'இசட்' இரண்டையும் டெக்கலாக (நீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டாமல், மாஸ்கிங் டேப்பில் வெட்டி எக்ஸ்எஃப்-83 சாம்பலில் அடித்தேன். நாள்பட்ட பிறகு இந்த முடிவின் அருமை தெரிகிறது. சாய்வான வெளிச்சத்தில் டெக்கலின் ஓரம் லேசாகத் தெரியும். பெயின்ட்டில் அடித்த எழுத்தில் அந்தப் பேச்சே இல்லை. வட்டச் சின்னங்களுக்கு டெக்கல்தான். அடியில் எக்ஸ்-22 பளபளப்புப் பூச்சு, டெக்கலைப் படியவைக்கும் திரவங்களாக ஒட்டும்போது மைக்ரோ செட், படிந்த பின் மைக்ரோ சால். அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாக மின்னும் தொல்லை வரவில்லை.

இனி பேஸ். ஸ்பிட்ஃபயரின் கால்கள் வெளிப்புறமாக மடிபவை. அதனால் நிற்கும்போது இரண்டு சக்கரங்களுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு, 1/48-இல் ஏறத்தாழ 36 மில்லிமீட்டர்தான். இவ்வளவு அகல இறக்கை அந்தக் குறுகிய கால்களில் நிற்கிறது. தூசி துடைக்கக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் கால், ஆன்டெனா கம்பம், வேகம் அளக்கும் பிட்டோ குழாய் என்று ஏதோ ஒன்றுக்கு ஆபத்து. பேஸ் இருந்தால் தொடுவது மரத்தைத்தான், மாடலை அல்ல. அழகெல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

பலகைக்கு ஆசாரி கடையில் மிச்சமாகக் கிடந்த தேக்குத் துண்டு, 30க்கு 26 சென்டிமீட்டர். எம்டிஎஃப் (மர இழையை அழுத்திச் செய்த பலகை) மலிவுதான், ஆனால் வெட்டிய ஓரங்கள் ஈரத்தைக் குடித்து உப்பும். விமானத்தைப் பலகையின் ஓரத்துக்கு இணையாக வைக்காமல் கொஞ்சம் திருப்பி வைத்தேன். நேராக வைத்தால் கடை ஷோகேஸ் போல இருக்கும். மேடு பள்ளத்துக்குத் தெர்மாக்கோல் வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அதுவும் பாலிஸ்டைரீன்தான். மாடலை ஒட்டும் அதே சிமென்ட்டும் ஸ்ப்ரே பெயின்ட்டும் அதைத் தின்றுவிடும். முழுக்க ஃபெவிகால் பூசிக் காயவிட்ட பிறகே மேற்கொண்டு போக வேண்டும். மிடில் வாலப் சமமான புல்வெளி என்பதால் எனக்கு அதன் தேவையே வரவில்லை. ஃபெவிகால், வால் புட்டி, சலித்த மரத்தூள் மூன்றையும் குழைத்து மெல்லியதாகப் பூசினேன். மரம் பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும். வெறும் பிளாஸ்டரோ வெறும் புட்டியோ அதைத் தாங்காமல் விரிசல் விடும். மரத்தூளும் கோந்தும் சேர்ந்த கலவை வளைந்து கொடுக்கிறது. இன்றுவரை ஒரு மயிரிழைக் கோடுகூட இல்லை.

மண்ணைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் அதிகம். நம் ஊர்ச் செம்மண்ணைத் தூவினால் அது ஹாம்ப்ஷயர் ஆகாது. அந்தப் பகுதி சுண்ணாம்புப் பாறை நிலம், புல் தேய்ந்த இடத்தில் மண் வெளிறித்தான் தெரியும். தோட்டத்து மண்ணை மெல்லிய துணியில் சலித்து, வெறும் சட்டியில் நன்றாக வறுத்து, காய்ந்த பிறகு வெளிர் சாம்பல் பெயின்ட் அடித்தேன். வறுப்பதை விட்டுவிடாதீர்கள். பூச்சி முட்டையும் பூஞ்சையும் வீட்டுக்குள் வருவது அப்படித்தான்.

புல்லுக்கு ஸ்டாட்டிக் கிராஸ் எனப்படும் நைலான் இழை. இதில் நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 2 மில்லிமீட்டர் இழை 1/48-இல் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் புல், 4 மில்லிமீட்டர் என்றால் கணுக்காலுக்கு மேல். விமானம் ஓடும் தரைக்கு 1, 2 மில்லிமீட்டர் கலவை போதும். ஓரங்களில் மட்டும் 4. பச்சை ஒரே நிறமாக இருக்கக்கூடாது, ஆகஸ்ட் மாதப் புல்லுக்கு வைக்கோல் நிறம் பாதிக்கு மேலேயே கலக்கலாம். இழைகளை நிமிர்த்தி நிறுத்த மின்னேற்றம் வேண்டும். கொசு பேட்டைப் பிரித்துக் கருவி செய்கிறவர்கள் பலர். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், சுவிட்சை அணைத்த பிறகும் ஷாக் அடிக்கும் என்பதால் அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. விற்கும் கருவியையே வாங்குங்கள். இறக்கையின் அடிப்பக்கத்திலும் எஞ்சின் கீழேயும் தரை ஊழியர்கள் நடந்து நடந்து புல் செத்திருக்கும். அங்கே கோந்து ஈரமாக இருக்கும்போதே விரலால் அழுத்திப் படுக்க வைத்தேன்.

புல்தரை பேஸ்களில் கண்ணை உறுத்தும் ஒரு குறை, டயர் தரையில் பதியாமல் புல் நுனியில் மிதப்பது. டயர் நிற்கும் மூன்று இடங்களிலும் புல்லைச் சுரண்டி எடுத்து மண் தெரியவிட வேண்டும். ஒவ்வொரு டயரிலும் 0.5 மில்லிமீட்டர் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகினேன். பலகையில் அதற்கு நேராகச் சின்னப் பித்தளைக் குழாய். குழாய்க்குள் கம்பியை ஒட்டவில்லை. வீடு மாறும்போது விமானத்தை மேலே தூக்கித் தனியாகப் பொதிந்துகொள்ளலாம். இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காலம் காட்டிய மாற்றங்களும் உண்டு. ஜன்னல் பக்கம் இருந்த புல் வெளுத்திருக்கிறது. இந்தப் பேஸுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது, ஆனால் டெக்கலின் வெள்ளை மஞ்சளாகுமே என்ற கவலையில் இப்போது எல்இடி விளக்குள்ள உள்சுவருக்கு மாற்றிவிட்டேன். கம்பத்திலிருந்து வால் வரை போகும் ஆன்டெனா கம்பிக்குப் போட்ட எலாஸ்டிக் நூல் தொய்யவில்லை. பெயர்ப்பலகையைக் காகிதத்தில் செய்யாதீர்கள். காகிதமும் ஸ்டார்ச் பசையும் வெள்ளிப்பூச்சிக்கு விருந்து. என்னுடையது பொறித்த பித்தளைத் தகடு.

எல்லாவற்றுக்கும் மேலே கவிழ்க்கும் தெளிவான மூடி நேம்போர்டு செய்யும் கடையில் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் செய்தது. பெரும்பாலும் குளோரோஃபார்ம் வைத்துத்தான் ஒட்டுவார்கள். வாசனை முழுதாகப் போகும்வரை வெளியே வைத்துவிட்டு அப்புறம்தான் மாடல்மேல் கவிழ்க்க வேண்டும். அந்த ஆவியும் பிளாஸ்டிக்கைத் தாக்கும். மூடியின் அடியில் நான்கு மூலையிலும் மெல்லிய ஃபெல்ட் துண்டு ஒட்டியிருக்கிறேன். காற்று போய்வர அந்த இடைவெளி போதும். உள்ளே ஈரம் தேங்குவதில்லை, தூசியும் ஏறத்தாழ இல்லை. கிட்டுக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள்கூட மூடிக்கும் பலகைக்கும் தயங்குகிறார்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், மலிவான கிட் வாங்கி நல்ல மூடி போடுங்கள் என்பேன்.

மதராஸ் பிரசிடென்சி என்ற பெயர் 79 ஸ்குவாட்ரனுக்கும் உண்டு. அவர்கள் 1940-இல் பறந்தது ஹரிக்கேன் போர்விமானத்தில். அடுத்து அதுதான். தேக்குப் பலகை அறுத்து வாங்கியாகிவிட்டது. ஹரிக்கேனின் கால்கள் உள்பக்கமாக மடிபவை, சக்கரங்களின் இடைவெளி அதிகம், அதனால் நிறுத்துவது இன்னும் சுலபம். இருந்தாலும் கம்பியும் குழாயும் கட்டாயம் உண்டு.