படுக்கைக்குக் குறை இல்லை, குறை கடிகாரத்தில்

முப்பத்தொரு வருடம் தணிக்கை வேலை பார்த்தவள் நான். டிக்கெட்டைப் பார்த்ததும் கை தானாகக் கணக்குப் போட்டது. இரவு 7.40க்கு இறங்க வேண்டும், மறுநாள் காலை 8.50க்கு அடுத்த விமானம். 13 மணி 10 நிமிடம். "பேசாமல் விமான நிலையத்துக்குள்ளேயே இரு அம்மா" என்றான் மகன். போகிற வழியில் ஓர் ஊர் சும்மா கிடைக்கிறபோது நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

நீண்ட நேரம் காத்திருக்க நேர்ந்தால் சில விமான நிறுவனங்கள் தாங்களே ஓட்டல் அறை கொடுப்பதுண்டு. முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்டேன். சீக்கிரம் கிளம்பும் வேறு விமானம் இருந்தும் விலை குறைவு என்று இதை எடுத்தவள் நான் என்பதால் இல்லை என்றுவிட்டார்கள். நியாயம்தான். ஆகவே விமான நிலையத்திலேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஒரு கேப்சூல் விடுதியில் (அறை கிடையாது, ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பொந்து), இரவு 11 மணியிலிருந்து 6 மணி நேரத்துக்குப் பதிவு செய்தேன். அந்த 11 மணிதான் என் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதிவு செய்யும் முன் ஒன்றை மட்டும் உறுதிப்படுத்திக்கொண்டேன்: விடுதி பாதுகாப்புச் சோதனைக்கு வெளியே இருக்கிறதா, உள்ளேயா? உள்ளே என்றால், ஊருக்குள் போய்விட்டு நள்ளிரவில் திரும்புகிறவர் மறுபடி சோதனையைத் தாண்டினால்தான் படுக்கை. அடுத்த விமானத்தின் போர்டிங் பாஸ் கையில் இல்லாவிட்டால் கவுன்டர் திறக்கும்வரை வாசலில் நிற்க வேண்டியதுதான். இது வெளியே, வருகைத் தளத்திலேயே இருந்தது. விசாவும் இதே கதைதான்: உள்ளேயே இருப்பவருக்குத் தேவைப்படாத விசா வெளியே கால் வைத்தால் தேவைப்படலாம். பெரிய பெட்டி நேராகக் கடைசி ஊருக்கே போகிறதா, அதன் சீட்டில் அந்த ஊர் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறி இருக்கிறதா என்று ஏறும் இடத்திலேயே பார்த்துவிட்டேன். தோளில் ஒரு பை மட்டும். அதையும் விடுதி லாக்கரில் வைத்துவிட்டு 9.10 ரயிலில் ஏறினேன்.

ஊரில் ஒரே ஓர் இடம் என்று முடிவு செய்திருந்தேன்: ரயிலடியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆற்றுப் பாலம். படம் எடுக்கிற அளவுக்கு அது ஒன்றும் விசேஷமில்லை. ஆனால் பாலத்துக்கு முன்னால் டிராம் தண்டவாளத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு பேர், ஒருவர் மண்டியிட்டு இணைப்பைத் தேய்க்க, நீலமும் ஆரஞ்சுமாகப் பொறி பறந்தது. இன்னொருவர் தேய்த்த இடத்தில் ஓர் இரும்புப் பட்டையை வைத்து, குனிந்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரிந்தது போலும், தலையை ஆட்டினார், மறுபடி தேய்த்தார்கள். மூன்று முறை. கணக்கு ஒத்துப்போகும்வரை நாங்கள் செய்ததும் அதுதான். பகலில் வந்திருந்தால் இந்த ஊர் எனக்கு இதைக் காட்டியிருக்காது. முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். பாலத்தை நடந்து கடந்து திரும்பியதில் 11 மணி ரயில் போய்விட்டது, 12.10 கடைசி ரயிலைப் பிடித்தேன்.

12.35க்கு விடுதி மேசையில் நின்றபோது அந்த இளைஞர் மிகவும் பணிவாகச் சொன்னார்: "உங்கள் நேரம் 11 மணிக்கே தொடங்கிவிட்டது." நான் படுத்தாலும் படுக்காவிட்டாலும் 5 மணிக்கு வெளியே. நீட்டிக்க இடமில்லை, நிரம்பிவிட்டதாம். இந்த நிபந்தனை பதிவுப் பக்கத்தில் இருக்கிறதா என்று பிறகு தேடினேன். இருக்கிறது, நான்காவது திரையின் அடியில், எறும்பு எழுத்தில். வந்து சேர்ந்ததிலிருந்து கணக்கு வைக்கும் விடுதிகளும் உண்டு; இது அந்த வகை இல்லை என்பதைப் பணம் வாங்கும் முன் பெரிதாகச் சொல்லியிருக்கலாம்.

மற்றபடி நல்ல இடம். கேப்சூல் என்றால் சுவரில் பதித்த பெரிய இழுப்பறை மாதிரி, மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு; நீளம் ஏறக்குறைய 2 மீட்டர், உட்கார்ந்தால் தலை இடிக்காது, அவ்வளவுதான். 1979இல் ஒசாகாவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா வடிவமைத்து இந்த வகை விடுதி முதலில் வந்தது. மூடிய இடம் ஒவ்வாதவர்கள் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் கீழ் அடுக்கைக் கேட்டு வாங்குங்கள். மேலே ஏற உள்ள ஏணிப்படி என் உள்ளங்கால் அகலம்கூட இல்லை. மெத்தை கெட்டி, விரிப்பில் சலவை வாசனை, காற்றுத் துளையில் மெல்லிய இரைச்சல். கதவு கிடையாது, இழுத்து விடும் திரை மட்டும் என்பதால் அடுத்தவர் அலாரம் நமக்கும் சேர்த்துத்தான். காதடைப்பான் கொடுத்தார்கள். குளியலறை படு சுத்தம், வெந்நீர் நிற்கவே இல்லை. இதற்கே பாதிப் பணம் தகும்.

நான்கு மணி நேரம் தூங்கினேன். ஐந்தில் நான்கு மதிப்பெண். போன ஒன்று அந்த எறும்பு எழுத்துக்கு.

திரும்பும் பயணத்திலும் அதே ஊரில் ஓர் இரவு இருக்கிறது. அதே விடுதியில்தான் எடுத்திருக்கிறேன். கீழ் அடுக்கு, இரவு 12.30இலிருந்து.