பழைய மானிட்டருக்கு விஜிஏ கேபிளா, டிவிஐ கேபிளா?

பிறர் பயன்படுத்திய மானிட்டரைப் பழைய கணினியில் இணைத்ததும் எழுத்து மங்கினால், பலர் திரையையே குறை சொல்கிறார்கள். நான் முதலில் கேபிளைத்தான் பார்ப்பேன்.

1987இல் வந்த விஜிஏ, படத்தை அனலாக் மின்னழுத்தமாக, அதாவது தொடர்ந்து ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அனுப்புகிறது. எல்சிடி திரை அதை மறுபடி டிஜிட்டலாக மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தில் நேரம் சற்றுப் பிசகினாலும் எழுத்தின் ஓரம் நடுங்கும். மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பொத்தானை அழுத்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். திரை முழுவதும் மஞ்சளாகத் தெரிந்தால் கேபிள் முனையில் நீல நிறத்துக்கான மூன்றாம் பின் (ஊசி) வளைந்திருக்கலாம், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். ஒன்பதாம் பின் இல்லையே என்று மட்டும் பதற வேண்டாம், பல கேபிள்களில் அது இருப்பதே இல்லை.

1999இல் வந்த டிவிஐ டிஜிட்டல் இணைப்பு. மங்கல், நடுக்கம், ஓரம் நகர்தல் எதுவும் இல்லை. அதன் சாதாரண வகையான ஒற்றை இணைப்பிலேயே (single link) 60 ஹெர்ட்ஸில், அதாவது படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பித்து, 1920×1200 புள்ளிகள் வரை தாங்கும். கேபிள் பழுதானால் புள்ளிகள் மின்னும், அல்லது படமே வராது.

கணினி, மானிட்டர் இரண்டிலும் டிவிஐ துளை இருந்தால் தயங்காமல் டிவிஐயைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் டிஜிட்டலுக்கு மட்டுமேயான டிவிஐ-டி வகைத் துளையில் அனலாக் பின்களுக்கு இணைப்பு கிடையாது. சாதாரண விஜிஏ அடாப்டர் அதில் வேலை செய்யாது.

திரையில் 'வரம்புக்கு அப்பால்' (Out of Range) என்ற செய்தி வந்தால், கணினி அனுப்பும் படம் மானிட்டரின் திறனை மீறுகிறது; எந்தக் கேபிளும் உதவாது. கணினியைக் குறைந்த ரெசல்யூஷனில் தொடங்கி, புதுப்பிப்பு வீதத்தை 60 ஹெர்ட்ஸாக மாற்றுங்கள்.