இரண்டு பிரதமர்கள், இரண்டு உச்சரிப்புகள்

பிரிட்டனில் வாயைத் திறந்தாலே வர்க்கம் தெரிந்துவிடும். ஹரோல்ட் வில்சன் ஆக்ஸ்போர்டில் படித்தவர், அங்கேயே பாடம் நடத்தியவர். இருந்தும் தன் சொந்த வட்டாரமான வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் உச்சரிப்பை விடவில்லை. 1964 தேர்தலில் மேட்டுக்குடிப் பேச்சுடைய அப்போதைய பிரதமர் அலெக் டக்ளஸ்-ஹோமுக்கு எதிரே அது அவருக்கு ஆதாயம்தான்.

மார்கரெட் தாட்சர் எதிர்வழியில் போனார். மளிகைக்கடைக்காரரின் மகள், தன் சொந்த வட்டாரமான லிங்கன்ஷயரின் பேச்சுச் சாயலை இளவயதிலேயே துடைத்துவிட்டார். 1970களில் பயிற்சி எடுத்துக் குரலையும் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் 1983 ஏப்ரலில், நாடாளுமன்றத்தில் வாக்குவாதம் சூடேறியபோது, பழைய வட்டாரச் சொல் ஒன்று அவரிடமிருந்து தெறித்து விழுந்தது!

எனக்குப் பிடித்தது வில்சன் வழி. அதற்காகத் தாட்சரைக் குறை சொல்ல மாட்டேன்: பெண் குரல் சற்று உயர்ந்தாலே ‘கீச்சுக்குரல்’ என்பார்கள்; வில்சனுக்கு அந்தத் தொல்லை இல்லை.