சீர் கட்டில் எடுக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

அக்கா மகள் கல்யாணச் சீருக்காக கிருஷ்ணகிரியில் ஒரு பெரிய ஃபர்னிச்சர் கடையில் கட்டில் எடுத்தோம். விலை 52,000 ரூபாய். "முழுத் தேக்குண்ணே, பேரன் பேத்தி காலம் வரைக்கும் வரும்" என்றார் கடைக்காரர். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரைச் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பாலக்கோட்டிலிருந்து பொண்ணு போன் பண்ணியது. கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு மாதிரி தூள் கொட்டுகிறதாம். சம்பந்தி வீட்டில் சீர் கட்டிலே உளுத்துப் போனால் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தெரிந்த ஆசாரியைக் கூட்டிப்போய்க் கட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தோம். தலைமாட்டுச் சட்டம் மட்டும் தேக்கு. அதிலும் பாதி மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைக் கட்டை, சாயம் பூசி வைரம் (மரத்தின் உள்பக்கத்துக் கெட்டிக் கட்டை) போலக் காட்டியிருக்கிறார்கள். "தேக்கில வைரத்தைத்தான் பூச்சி சீண்டாது தம்பி, வெள்ளையைத் தின்னுடும்" என்றார். கால்கள் ரப்பர் மரம். தலைமாட்டுப் பலகை பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை; அதன்மேல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தேக்கு வெனீர், அதாவது சீவி ஒட்டிய மரத் தோல். அடிப்பெட்டியும் அதே போர்டுதான். ஈரத்தில் ஊதி, கீல் ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப் போயிருந்தது.

ரப்பர் மரம் மட்டம் என்று சொல்லவில்லை. பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்து ஏற்றி, சூளையில் நன்றாக உலர்த்தினால் அதுவும் உழைக்கும். அதைத் தேக்கு விலைக்கு விற்றதுதான் அயோக்கியத்தனம்.

கடைக்குப் போனால், "பில்லுல தேக்குன்னு எங்க இருக்கு?" என்கிறார். 'மரக் கட்டில் 1' என்றுதான் போட்டிருக்கிறார்கள். வேண்டுமானால் ரிப்பேர் செய்து தருவார்களாம், வண்டி வாடகை நம்முடையதாம்!

அதனால் சட்டம், கால், பலகை, பெட்டி ஒவ்வொன்றும் என்ன மரம், என்ன போர்டு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை. பாலிஷ் போடாத அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். பலகையின் மேலே ஓடும் ரேகை வெட்டு முனையில் தொடராமல் பட்டி ஒட்டி மறைத்திருந்தால் அது வெனீர்தான்.

நாங்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போனோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; பெங்களூரில் வாங்கும் ஓசூர்க்காரர்களுக்கு இது உதவும். கடைப் பையன் வாட்ஸாப்பில் போட்டோவோடு 'ஃபுல் தேக்கு சார்' என்று அனுப்பியதுதான் இப்போது எங்கள் கையில் இருக்கும் சாட்சி. அந்த மாதிரி மெசேஜை அழித்துவிடாதீர்கள்.

உங்கள் வீட்டிலும் தூள் கொட்டினால் அந்தச் சாமானை மற்ற மரச் சாமான்களிலிருந்து முதலில் தள்ளி வையுங்கள். பூச்சி அடுத்ததற்கும் போகும்.