தோள்கவசம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம்? ஃபேண்டசி கேம் உடைகளில் மூன்று வழிகள்

ஃபேண்டசி கேமுக்கு ஒரு வீரனை வரைய உட்காரும் எந்த ஓவியரும் சீக்கிரமே ஓர் இழுபறியில் மாட்டிக்கொள்வார். உடை பார்த்தவுடன் கண்ணைப் பறிக்க வேண்டும். அதே சமயம், ‘இதை மாட்டிக்கொண்டு இவன் எப்படி வாள் சுற்றுவான்?’ என்று யாரும் கேட்டுவிடவும் கூடாது.

இதற்குக் கேம்கள் இதுவரை மூன்று விதமாக விடை சொல்லியிருக்கின்றன. முதலாவது, எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கிக் காட்டும் மிகை வழி. இரண்டாவது, உண்மையிலேயே அணிந்துகொண்டு சண்டை போடலாம் என்று நம்ப வைக்கும் வழி. மூன்றாவது, கவசத்தின் பலனையும் அதன் தோற்றத்தையும் தனித்தனியே பிரித்து, எப்படித் தெரிய வேண்டும் என்பதை விளையாடுபவரிடமே விட்டுவிடும் வழி.

ஒப்பிடும் முன் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ‘நடைமுறைக்கு ஒத்துவருமா’ என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் உடை அணிந்த பாத்திரத்தை மட்டும் வைத்துக் கேட்கிறோம். ஆனால் அந்த உடையோடு மல்லுக்கட்டுபவர்கள் இன்னும் இரண்டு பேர்: அதை அசைய வைக்கும் அனிமேட்டர், அதைத் திரையில் மணிக்கணக்காகப் பார்க்கும் பிளேயர். இந்த மூவரின் வசதியும் பல இடங்களில் ஒன்றோடொன்று முட்டும். எந்த வழி சிறந்தது என்ற விவாதங்கள் பாதியில் நின்றுபோவதற்கு, ஒவ்வொருவரும் மூவரில் ஒருவருக்காக மட்டும் வாதாடுவதே காரணம் என்று நினைக்கிறேன்.

மிகை வழி

2004இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இந்த வழியின் முகம். தலையைவிடப் பெரிய தோள்கவசங்கள், அவற்றின் மேல் மண்டையோடு, தீ, கொம்பு. அணிபவரின் பக்கம் நின்று பார்த்தால் ஒன்றுகூடத் தேறாது. அந்தத் தோளோடு கையைத் தலைக்கு மேல் தூக்கவே முடியாது. கொம்பும் முள்ளும் எதிரியின் வாள் வழுக்கிப் போகவேண்டிய இடத்தில் அதைப் பிடித்து நிறுத்திக் கொடுக்கும்.

பிளேயரின் பக்கம் வந்து பார்த்தால் கணக்கு அப்படியே மாறிவிடுகிறது. கேமரா தூரத்தில், சற்று உயரத்தில் நிற்கிறது. திரையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் மந்திரம் வீசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் மந்திரவாதி, யார் முன்னே நின்று அடி வாங்குபவர் என்பதை ஒரு நொடியில் சொல்வது தலையும் தோளும்தான். இடுப்பில் நுணுக்கமாகச் செதுக்கிய பக்கிள் அங்கே யார் கண்ணிலும் படாது.

டோட்டா 2 கேமுக்காக வால்வ் நிறுவனம் வெளியிட்ட பாத்திர ஓவிய வழிகாட்டி இதை வெளிப்படையாகவே சொல்கிறது. உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் கறுப்பாக நிரப்பிக் காட்டினாலும் எந்த ஹீரோ என்று தெரியவேண்டும். கால் பக்கம் இருட்டாகத் தொடங்கி, மேலே போகப் போக வெளிச்சம் கூடி, பார்வையை மார்புக்கும் தலைக்கும் இழுக்கவேண்டும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு இதைவிட நடைமுறையான யோசனை எதுவும் இல்லை. எனவே மிகை வழியை ‘வெறும் அலங்காரம்’ என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது பிளேயரின் கண்ணுக்காகச் செய்த கடுமையான பயன்பாட்டு வேலை.

கேமரா கிட்டே வரும்போதுதான் இந்த வழி தள்ளாடுகிறது. உரையாடல் காட்சியில் இருவர் கட்டிப்பிடித்துக்கொள்ளவேண்டும் என்றால் ஒருவர் தோள்கவசம் மற்றவர் முகத்துக்குள் புகுந்துவிடும். சோகமான முகத்தின் இரு பக்கமும் இரண்டு மண்டையோடுகள் பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அளவு ஊதிய உடையில் நுண்ணிய உணர்ச்சிக்கு இடம் குறைவு.

நம்ப வைக்கும் வழி

2011இல் வந்த டார்க் சோல்ஸ் கவசங்களைப் பார்த்த பலருக்கும் வந்த நிம்மதி நினைவிருக்கும். இடுப்புக்கு மேல் தகடு, அடியில் வளையக் கவசம், அதற்கும் அடியில் தடித்த துணி. ஒவ்வொன்றும் எந்த வாரில் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே கவசம் ஏறக்குறைய அதே மாதிரி உடலை மூடும்.

இந்த வழியின் பலம் வரலாற்றுக் கவசங்களிலிருந்தே வருகிறது. 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முழுத் தகட்டுக் கவசம் ஏறக்குறைய 20 முதல் 25 கிலோ எடை இருந்தது. அந்த எடை தோளில் மட்டும் தொங்காமல் உடல் முழுக்கப் பரவியிருந்ததால், பழகிய வீரர் ஓடவும் குதிரை ஏறவும் விழுந்தால் எழவும் முடிந்தது. மார்புத் தகடு நடுவில் புடைத்திருந்தது, விழுகிற அடி இரு பக்கமும் சறுக்கிப் போவதற்காக. அடியில் பஞ்சு அடைத்துத் தைத்த உள்ளங்கி அதிர்ச்சியைத் தாங்கியது. முழங்கை, முழங்கால் மூட்டுகளில் சின்னச் சின்னத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்ந்தன. இவை ஒவ்வொன்றும் ஓவியருக்குக் கிடைத்த வடிவங்கள். அந்தக் கவசங்கள் அழகாக இருப்பதற்குப் பெரிய காரணம், ஒவ்வொரு வளைவும் ஏதோ ஒரு வேலைக்காக வளைந்திருப்பதுதான். இதை அறிந்த பிறகு கற்பனையாக ஒரு கவசத்தை வரைந்தாலும் கை சரியான இடத்தில் கோடு போடும்.

இந்த வழியின் கடைசி எல்லை 2018இல் வந்த கிங்டம் கம்: டெலிவரன்ஸ். அது ஃபேண்டசி அல்ல, 1403ஆம் ஆண்டு பொஹிமியாவில் நடக்கும் கதை. ஆனாலும் ஒப்பீட்டுக்கு அவசியம். அங்கே உள்ளங்கி, வளையம், தகடு என்று அடுக்கடுக்காக அணியவேண்டும். தகடு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். முகத்தை மூடும் தலைக்கவசம் அணிந்தால் திரையே சின்னத் துளையாகச் சுருங்கும். பாதுகாப்புக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பிளேயர் தன் கண்ணாலேயே உணர்கிறார்.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. உண்மையான கவசம் அணிந்த நான்கு பேரைத் தூரத்தில் நிறுத்தினால் நால்வரும் சாம்பல் நிறத் தூண்களாகவே தெரிவார்கள். தலைக்கவசம் முகத்தை விழுங்கிவிடும். முகம் தெரியாத நாயகனோடு கதை நெருக்கம் தேடும்போது ஓவியர் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுகிறார், உடலில் மிக முக்கியமான இடம் பாதுகாப்பின்றி நிற்கிறது. நம்பகத்தன்மை பேசும் கேம்களிலும் பெரும்பாலான நாயகர்கள் வெறுந்தலையோடு சண்டைக்குப் போவது இதனால்தான். எனக்கு அதில் புகார் இல்லை. முகம் தேவைப்படும் கதையில் அது சரியான சமரசம்.

அனிமேட்டரின் மேசையில்

மூவரில் அதிகம் மறக்கப்படுபவர் அனிமேட்டர் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

வெறும் தோள்கவசத்தையே எடுத்துக்கொள்வோம். கை மேலே போகும்போது அது கையோடு சுழலவேண்டுமா, மார்போடு ஒட்டி நிற்கவேண்டுமா? கையோடு சுழன்றால் காதைக் குத்தும். மார்போடு நின்றால் மேல்கை அதை ஊடுருவி வெளியே வரும். இப்படி ஒரு பொருள் இன்னொன்றுக்குள் புகுவதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். வழக்கமான தீர்வு, தோள்கவசத்துக்குத் தனி எலும்பு ஒன்று (மாடலை அசைக்க உள்ளே வைக்கும் கண்ணுக்குத் தெரியாத கம்பி போன்றது) கொடுத்து, கை நகர்வில் ஒரு பங்கை மட்டும் அது பின்தொடரும்படி செய்வது. மிகை வழி கேம்களில் தோள்கவசம் உடலைத் தொடாமல் லேசாக மிதப்பது போல் இருப்பதன் ரகசியம் இதுதான். சுவாரஸ்யம் என்னவென்றால், அசல் கவசங்களும் இதே சிக்கலைத்தான் தீர்த்தன: தகடுகளைத் தோல் வாரில் கோத்து ஒன்றன்மேல் ஒன்று சரியவிட்டார்கள். அந்த அடுக்கை அப்படியே வரைந்தால் அனிமேட்டருக்கும் பாதி வேலை மிச்சம். இந்த ஓர் இடத்தில் அணிபவரின் வசதியும் அனிமேட்டரின் வசதியும் கைகோக்கின்றன.

முதுகில் வாள் அதற்கு நேர் எதிர். தி விட்சர் 3 நாயகன் முதுகில் இரண்டு வாள்களைச் சுமக்கிறான், மனிதருக்கு எஃகு, அரக்கருக்கு வெள்ளி. நீண்ட வாளை முதுகு உறையிலிருந்து முழுதாக உருவ மனிதக் கையின் நீளம் போதாது. ஆனால் அதை இடுப்பில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஓடும்போது தொடைக்குள் புகும், உட்காரும்போது நாற்காலிக்குள் புகும், குதிரை ஏறினால் குதிரைக்குள் புகும். முதுகில் இருந்தால் எதிலும் மோதாது. அதோடு, கேமரா பின்னால் நிற்கும் கேமில் பிளேயர் எந்நேரமும் பார்ப்பது முதுகைத்தான். இங்கே அணிபவர் தோற்று மற்ற இருவரும் ஜெயிக்கிறார்கள். அந்தத் தோல்வியை நான் மனதார ஏற்கிறேன்.

முதுகு என்றதும் ஒரு விஷயம். ஃபேண்டசி உடைகளின் மாதிரி ஓவியங்கள் பெரும்பாலும் முன்பக்கத்தையே அலங்கரிக்கின்றன. மார்பில் சின்னம், இடுப்பில் கச்சை, கழுத்தில் மணி. கேமிலோ பிளேயர் பார்ப்பது பின்னங்கழுத்து, முதுகு, கெண்டைக்கால். எந்த வழியைப் பின்பற்றினாலும் முதுகை முதலில் வரையுங்கள் என்று அடித்துச் சொல்வேன்.

நீளமான அங்கியும், தோளிலிருந்து முதுகில் தொங்கும் கேப்பும் மூவரையும் ஒருசேரச் சோதிப்பவை. துணியைக் கணக்கிட்டு அசைக்க இயந்திரத்தின் நேரம் செலவாகும். எலும்புச் சங்கிலியால் அசைத்தால் வேகமாக ஓடும்போது முழங்கால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். முன்னும் பக்கத்திலும் வெட்டு வைத்துத் துணியைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிப்பது நல்ல தீர்வு. குதிரையேறும் மனிதருக்கும் அங்கியில் அந்த வெட்டு தேவைதான். 2022இல் வந்த எல்டன் ரிங், கேப் வேண்டாம் என்பவர்கள் சில கவசங்களிலிருந்து அதை நீக்கிக்கொள்ள வசதி தந்தது. கேப்பைப் பற்றி ஒரே முடிவுக்கு எல்லாரையும் கொண்டுவர முடியாது என்பதற்கு அதுவே சாட்சி.

தோற்றத்தைப் பிரித்துவிடும் வழி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டில் 2011இல் டிரான்ஸ்மாக் வந்தது. வலுவான கவசத்தின் பலன் அப்படியே இருக்க, அதற்கு வேறு கவசத்தின் தோற்றத்தைப் போர்த்திக்கொள்ளலாம். ஃபைனல் ஃபேண்டசி 14 கேமில் கிளாமர் என்ற பெயரில் அதே வசதி. அதற்கு முன் கவசத்தின் பலனைக் காட்டும் எண்களைத் துரத்திய பிளேயர்கள் பச்சைத் தொப்பி, ஊதாக் கால்சட்டை, ஆரஞ்சுத் தோள் என்று நிறம் நிறமாக அலைந்தார்கள். அவர்களுக்கு இது விடுதலை.

ஆனால் இது இழுபறியைத் தீர்க்கவில்லை, ஓவியர் மேசையிலிருந்து பிளேயர் மேசைக்கு நகர்த்துகிறது. உடைக்கும் அதன் விளைவுக்கும் இருந்த தொடர்பு அறுந்துபோகிறது. எல்டன் ரிங்கில் அந்தத் தொடர்பு உயிரோடு இருப்பதைப் பாருங்கள். அணிந்திருக்கும் சுமை பாத்திரம் தாங்கக்கூடியதில் 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அடியிலிருந்து தப்ப உருளும் உருளல் வேகமாக இருக்கும், 70ஐத் தொட்டால் தடால் என்று விழுந்து எழவேண்டியிருக்கும். தடித்த கவசம் திரையில் தடித்ததாகத் தெரிகிறது, கையிலும் தடித்ததாக உணர்கிறது. 2017இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட் இன்னும் அழகாகச் செய்தது. பனிமலைக்குக் கதகதப்பான உடை, பாலைவனப் பகலுக்கு உடலைக் குளிர்விக்கும் உடை, பாறை ஏற அதற்கென்றே ஓர் உடை. அங்கே நாயகன் என்ன உடுத்தியிருக்கிறான் என்று பார்த்தாலே எங்கே போகிறான் என்று தெரியும். எதையும் எதன்மேலும் போர்த்தலாம் என்றாகிவிட்டால் அந்த இன்பம் கரைந்துவிடும்.

பலர் சேர்ந்து நெடுங்காலம் விளையாடும் கேமுக்குப் பிரிப்பது தேவை. தனியாக விளையாடும் கேமில், உடையே உலகத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்பது என் கட்சி.

உடல் தெரியும் கவசம்

இதை அழகியல் விவாதமாக மட்டும் பார்ப்பது போதாது. ஒரே கவசத்தை ஆண் அணிந்தால் கழுத்து வரை மூடுவதும், பெண் அணிந்தால் வயிறும் தொடையும் தெரியச் சுருங்குவதும் அந்த உலகத்தின் விதியையே உடைக்கிறது. அந்த இரும்பு எதிலிருந்து காக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் போகிறது. மார்பு வடிவத்தை அப்படியே பிரதியெடுக்கும் தகட்டிலும் இதே கோளாறு: இரண்டு புடைப்புகளும் அடியை நெஞ்சின் நடுவுக்கே வழிகாட்டிக் கூட்டிவரும்.

குறைந்த உடை என்பதே தவறு என்று சொல்லமாட்டேன். கவசம் தேவைப்படாத காரணத்தை உலகம் சொல்லிவிட்டால், வெயில், மந்திரக் காப்பு, சடங்கு, எதுவானாலும் சரி, அது எல்லார் உடலுக்கும் பொதுவாக இருந்தால் போதும். 2025இல் வந்த மான்ஸ்டர் ஹண்டர் வைல்ட்ஸ் ஆண் கவசம், பெண் கவசம் என்ற பூட்டை எடுத்துவிட்டு, எதை வேண்டுமானாலும் யாரும் அணியலாம் என்றது. கவர்ச்சி வேண்டியவருக்கு அது கிடைத்தது, இரும்பு வேண்டியவருக்கு இரும்பு கிடைத்தது.

எதை எடுப்பது?

கேமராவிடம் கேட்டு முடிவு செய்யலாம். மேலிருந்து, தூரத்திலிருந்து பார்க்கும் கேம் என்றால் மிகை வழி, தயக்கமே வேண்டாம். பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் கேமரா, நடுநடுவே முகத்துக்கு அருகே காட்சிகள் என்றால் நம்ப வைக்கும் வழி. ஆயிரக்கணக்கானோர் வருடக்கணக்கில் இருக்கப்போகும் உலகம் என்றால் முதல் இரண்டில் ஒன்றை அடித்தளமாக வைத்து, மேலே தோற்ற மாற்று வசதி.

சின்னக் குழு, ஒரே ஓவியர், ஒரே அனிமேட்டர் என்றால் என் தேர்வு உறுதியானது. அணியக்கூடிய உடையாகத் தொடங்குங்கள்: எந்த அடுக்கு முதலில், எங்கே கட்டுகிறார்கள், எங்கே மடிகிறது. பிறகு ஒரே ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து ஊதுங்கள். ஒரு பக்கத் தோள், ஒரு தலைக்கவசம், ஒரு காலர், ஏதாவது ஒன்று. ஒரு பக்கம் மட்டும் மாறும் வடிவம் அடையாளத்துக்கு அருமை, ஆனால் பாதி உடலுக்கு வரைந்த டெக்ஸ்சரை (மாடலின் மேல் போர்த்தும் படத்தை) திருப்பிப் போட்டு மறுபாதிக்குப் பயன்படுத்தும் சிக்கனம் அந்தப் பகுதியில் கைகூடாது, அதையும் கணக்கில் வையுங்கள். நிறம் தீட்டும் முன்பே சாம்பல் நிற மாடலைக் கை தூக்க வையுங்கள், குந்த வையுங்கள், உருள வையுங்கள், ஏறும் விலங்கு இருந்தால் அதன்மேல் உட்கார வையுங்கள். புகுந்துபோகும் இடங்கள் அப்போதே தெரிந்துவிடும். கேப்பை எல்லாவற்றுக்கும் கடைசியாக, நேரம் மிச்சமிருந்தால் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.