ஆறிலிருந்து பத்து வரை: என் பகடை விதியோடு மூன்று ஆண்டுகள்

"அண்ணா, உங்கள் பகடை விதியைக் கொடுங்கள். அடுத்த மாதம் நான் ஒரு நிகழ்ச்சி வைத்திருக்கிறேன்" என்று கேட்டிருந்தார் நண்பர் ஒருவர். விதி அரைப் பக்கம்தான், உடனே அனுப்பியிருக்கலாம். போன சனிக்கிழமை நடந்தது மனத்தில் கிடந்ததால் கை ஓடவில்லை. மூன்று ஆண்டுகளாக இதை வைத்துப் பட்டதையும் பெற்றதையும் முதலில் எழுதிவிடுகிறேன்.

நான் நிகழ்ச்சி நடத்துவது வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டின் ரோல்பிளே சர்வர் ஒன்றில்; அங்கே ஆட்டக்காரர்கள் தங்கள் பாத்திரமாகவே பேசி, கதை எழுதி ஆடுவார்கள். பெரும்பாலும் அந்த விளையாட்டின் டஸ்க்வுட் காடு, ரேவன் ஹில் கல்லறைத் தோட்டம், ஏழெட்டுப் பேர். சண்டையை எமோட்டில், அதாவது பாத்திரம் செய்வதைச் சொல்லும் வரிகளில், எழுதுகிறோம், முடிவைப் பகடை சொல்கிறது. பகடை உருட்ட விளையாட்டிலேயே ரோல் என்ற கட்டளை இருக்கிறது: சும்மா கொடுத்தால் 1 முதல் 100, பக்கத்தில் 20 என்று போட்டால் 1 முதல் 20. யார் உருட்டினார், என்ன விழுந்தது, எந்த வீச்சில் உருட்டினார் என்பது மஞ்சள் வரியில் எல்லோருக்கும் வந்துவிடும். 15 முதல் 20 வரை மட்டும் உருட்டிப் பார்க்க யாராவது நினைத்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும். அந்த மஞ்சள் வரியை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் அதற்குக் கூட்டத் தெரியாது. போனஸ் சேர்க்க வேண்டுமென்றால் நாம்தான் மனக்கணக்குப் போட வேண்டும்.

முதல் விதியில் தாக்குபவருக்கு ஓர் உருட்டல், தடுப்பவருக்கு ஒன்று, அடியின் பலத்துக்கு இன்னொன்று. வாள் பழகியவருக்கு 2 கூடுதல். அந்த 2 யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்று நள்ளிரவு வரை வாதாடியிருக்கிறோம். பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். இருவர் 1 முதல் 20 வரை உருட்டினால் 400 விதமாக விழலாம். போனஸ் இல்லாதபோது தாக்குபவர் ஜெயிப்பது 190, 2 சேர்ந்தால் 229. நூற்றுக்குப் பத்துகூடத் தேறவில்லை. ஒரு மாலையில் நான்கு முறை உருட்டுபவரின் கண்ணில் அது படவே படாது. போனஸை எடுத்தேன், எதிர் உருட்டலையும் எடுத்தேன். 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி, கீழே விழுந்தால் இல்லை. ஒரே ஓர் உருட்டல்.

அந்த "இல்லை" என்ன செய்யும் என்பது சில வாரங்களில் தெரிந்தது. கல்லறை வெட்டும் பெண்ணாக வந்தவர் ஒருவர் அழகாக எழுதுவார்: மண்வெட்டியின் கைப்பிடியில் சுற்றிய ஈரத்துணி, பேய் அருகில் வரும்போது அவள் அடக்கும் மூச்சு. அன்று அவருக்கு விழுந்தவை 7, 3, 10, 5. நான்கு முறையும் மண்வெட்டி காற்றைத்தான் வெட்டியது. நான்காவது முறை அவர் எழுதியது ஒரே வரி. "நாளை வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தாயம் ஆடியவர்களுக்கு இது புரியும். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டு கட்டைகள் விழும் 16 விதங்களில் இரண்டுதான் தாயம். மற்றவர்கள் காயை வெட்டிக்கொண்டு சுற்றிவர, கட்டையை வாங்குவதும் உருட்டுவதும் அடுத்தவரிடம் கொடுப்பதும் மட்டுமே நம் வேலையாகிவிடும். தாயத்தில் அரைமணி போனால் இன்னோர் ஆட்டம் உண்டு. இவர் ஒரு வாரம் காத்திருந்து வந்தவர்.

அது அவருடைய கெட்ட நேரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பாதிக்குப் பாதி வாய்ப்பில் நான்கு முறையும் தவறுவது 16இல் ஒன்று. எட்டுப் பேர் வந்தால், அவர்களில் ஒருவராவது எதையுமே தொடாமல் வீடு திரும்புவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம். ஐந்து நிகழ்ச்சி நடத்தினால் இரண்டில் யாரோ ஒருவர் வெறுங்கையோடு போவார் என்று நானே விதி எழுதி வைத்திருந்தேன். இதைக் கண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போதுள்ள விதி அதற்குப் பிறகு வந்தது. 1 முதல் 5: அடி விழாது, உங்களுக்கு ஒரு காயம். 6 முதல் 10: அடி விழும், ஆனால் விலை உண்டு, காயமா, இடமா, கையிலுள்ள பொருளா, நீங்களே சொல்லுங்கள். 11 முதல் 19: அடி. 20: அடியோடு, தோழர் ஒருவரின் காயத்தையும் அழிக்கலாம். மூன்று காயத்தில் விழுவீர்கள்; சாவதா என்பது உங்கள் முடிவு. எதிரி உருட்டுவதே இல்லை, எனவே நிகழ்ச்சியை நடத்தும் கேம் மாஸ்டரின் கை எழுத மட்டும் இருக்கிறது. நான்கு முறையும் தவறுவது இப்போது 256இல் ஒன்று. எதிரிகளின் மொத்த உயிரை, ஆட்கள் பெருக்கல் சுற்றுகள் பெருக்கல் முக்கால் என்று வைத்தால் போதும்: எட்டுப் பேர், நான்கு சுற்று, 24 அடி. இந்தக் கணக்கு இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

அந்த நடு வரிதான் நான் எதிர்பாராத பரிசு. வயதான காவலர் ஒருவருக்கு 6 விழுந்தது. விலையாக அவர் கொடுத்தது தன் லாந்தரை; அதைப் பேயின் முகத்திலேயே உடைத்தார். கல்லறைத் தோட்டம் முழுக்க இருட்டு. அடுத்து எழுதிய ஏழு பேரும் இருட்டில் எழுதினார்கள். ஒருவர் தோழரின் இருமலைக் கேட்டு அந்தப் பக்கம் நகர்ந்தார், இன்னொருவர் கால் இடறித் திறந்த குழிக்குள் விழுந்தார். நான் தயாரித்து வைத்திருந்த எதிலும் அந்த இருட்டு இல்லை.

என் பொறுமையைச் சோதிப்பதும் அதே வரிதான். போன சனிக்கிழமை எட்டுப் பேர். 8 விழுந்த ஒருவர் என்ன விலை கொடுப்பது என்று யோசிக்க ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டார். அடுத்தவருக்கு 9. அவரும் யோசித்தார். நாலில் ஓர் உருட்டல் அந்த இடத்தில் விழும், ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் சராசரியாக இரண்டு பேர் கதையை நிறுத்துகிறார்கள். இன்னொருவர் மூன்று ஆண்டுகளாக ஒரே பதிலை வைத்திருக்கிறார்: "ஓரடி பின்வாங்குகிறேன்." அதற்குப் பெயர் விலையா? காயத்தை ஏற்றுக்கொண்டு தைரியமாக ஆடியவர் மூன்றாம் சுற்றிலேயே விழுந்து கிடக்க, பின்வாங்கியவர் முழு உடம்போடு கடைசி அடியை அடித்தார். விதிப்படி அதில் ஒரு தவறும் இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். பத்து மணிக்கு முடிய வேண்டியது பன்னிரண்டரைக்கும் முடியவில்லை. மூன்று பேர் பாதியில் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் அந்தக் கல்லறை வெட்டும் பெண்ணும் ஒருவர். அவருக்காகத்தான் இந்த விதியையே எழுதினேன்.

அதனால் என் அடுத்த நிகழ்ச்சியில் நடு வரி இருக்காது. 6லிருந்து 19 வரை வெறும் அடி. லாந்தர் உடையாது என்பது தெரிந்துதான் எடுக்கிறேன். நண்பருக்கு மட்டும் விதியை முழுதாக, அந்த வரியோடுதான் அனுப்பியிருக்கிறேன். அவருடைய குழுவில் நான்கு பேர்தான். ஆறு நிமிடம் யோசித்தாலும் அங்கே காத்திருப்பவர்கள் மூன்று பேர். பின்வாங்குவதை ஒருவருக்கு ஒரு முறைக்கு மேல் விடாதீர்கள் என்று கீழே கையால் சேர்த்திருக்கிறேன்.