கைரோபிராக்டிக் நிலையங்கள்: ஆறு அமர்வுக்குத் தகும், ஆண்டுத் தொகுப்புக்குத் தகாது

கடைத்தொகுதியில் மேசை போட்டு, முதுகெலும்பு மாதிரியை முன்னால் வைத்து, "பார்த்துச் சொல்கிறோம் வாங்க" என்று கூப்பிடும் கைரோபிராக்டிக் நிலையங்களை, அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தித் தள்ளி வலிக்குச் சிகிச்சை தரும் இடங்களை, சிங்கப்பூரில் அடிக்கடி பார்க்கலாம். சாதாரண இடுப்புவலிக்கு நாலைந்து அமர்வு, மிஞ்சினால் ஆறு என்றால் கொடுக்கும் காசுக்குத் தகும். அதைத் தாண்டி அவர்கள் விற்கப் பார்ப்பதில்தான் சிக்கல்.

பிசியோதெரபிஸ்ட் சிங்கப்பூரில் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். கைரோபிராக்டருக்கு அப்படிச் சட்டப்பதிவு கிடையாது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் முறையாகப் படித்துவிட்டு வந்தவர்கள் பலர். ஆனாலும் எங்கே படித்தார், எத்தனை ஆண்டு படித்தார் என்று விசாரிக்கும் பொறுப்பு நம்முடையதுதான். சங்கடப்படாமல் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பான மெடிசேவ் இதற்குச் செல்லாது, முழுக்கக் கைக்காசு.

நல்ல நிலையம் முதல் வருகையிலேயே தெரிந்துவிடும். வலி எப்போது வந்தது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, காய்ச்சல் உண்டா, எடை காரணமில்லாமல் குறைந்ததா, முன்பு புற்றுநோய் இருந்ததா, எலும்புத் தேய்வு உண்டா, இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கைரோபிராக்டர் கேட்பார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு காலாக உயர்த்துவார். சிறு சுத்தியலால் முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலுக்குப் பின்னாலும் தட்டுவார். கால் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, விரலால் எதிர்த்து அழுத்துவார். இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு நசுங்கியிருந்தால் இந்தச் சோதனைகளில்தான் பிடிபடும். இதெல்லாம் செய்யாமல் நேரே முதுகில் கை வைக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கும் இடமும் வேண்டாம். விழுந்து அடிபடவில்லை, மேலே சொன்ன அபாய அறிகுறிகள் இல்லை என்றால், இடுப்புவலிக்கு எடுத்த எடுப்பில் எக்ஸ்ரே தேவையில்லை. "கழுத்து வளைவு நேராகிவிட்டது", "ஒரு கால் கொஞ்சம் குட்டை" என்று காட்டுவதெல்லாம் வலியே இல்லாதவர்களிடமும் சகஜமாக இருப்பவை.

சிகிச்சையில் உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை மடக்கி, தோளைப் பின்னால் திருப்பி, இடுப்பில் குறுகிய வேகமான ஒரு தள்ளு தள்ளுவார். அப்போது வரும் 'டக்' சத்தம் விலகிய எலும்பு இடத்துக்கு வந்ததால் வருவதல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டெனக் குறைந்து வாயுக்குமிழ் உண்டாவதன் சத்தம் அது. நெட்டி முறிப்பதும் இதேதான். சத்தம் வராவிட்டால் சிகிச்சை வீண் என்று நினைக்க வேண்டாம். மறுநாள் லேசான வலி இருக்கலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். வலி காலில் இன்னும் கீழே இறங்கினாலோ மரத்துப்போனாலோ அடுத்த அமர்வுக்குப் போகாமல் மருத்துவரைப் பாருங்கள். சிறுநீர் கட்டிக்கொள்வது, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வு குறைவது இரண்டும் அவசரப் பிரிவுக்கு உடனே ஓட வேண்டிய அறிகுறிகள்.

கழுத்தை வேகமாகத் திருப்பும் முறைக்கு மட்டும் எங்கள் பரிந்துரை 'வேண்டாம்'. மூளைக்குப் போகும் இரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பாதிப்பு கடுமையாக இருக்கலாம். கழுத்தைத் திருப்பாமல் செய்யும் மென்மையான வழிகள் இருக்கின்றன. படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முடிதிருத்தும் கடையில் கழுத்தை முறிப்பதற்கும் இதேதான் பதில்.

இனி, பல அமர்வுகளுக்கு மொத்தமாக முன்பணம் வாங்கும் தொகுப்பு. திடீரென்று பிடித்த இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். நாற்பது அமர்வு வாங்கினால், உடம்பு தானே சரிசெய்துகொண்டதற்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறீர்கள். கடை மூடினால் முன்பணம் திரும்புவதும் பாடு. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட நாள்பட்ட இடுப்புவலி வழிகாட்டியில் கையால் செய்யும் முதுகெலும்புச் சிகிச்சைக்கு இடமுண்டு, ஆனால் அது உடற்பயிற்சியோடும் விளக்கத்தோடும் சேர்ந்த ஒரு வழி மட்டுமே. இடுப்புப் பட்டையும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாக வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டி. அவற்றைத் தொகுப்பில் சேர்த்து விற்றால் யோசியுங்கள்.

முதுகைக் காப்பது அன்றாட வேலைதான். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் ஈரத்துணி மாட்டிச் சன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழியை எடுத்துக்கொள்வோம். கை நீட்டிப் பிடிக்கும்போது கழியின் தூர முனையில் இருக்கும் ஒவ்வொரு கிலோவும் இடுப்பில் பல மடங்காக இறங்குகிறது. ஜீன்ஸ், துண்டு போன்ற கனமானவற்றைக் கைப்பக்கமும் லேசானவற்றைத் தூர முனையிலும் மாட்டுங்கள். ஒரு காலை முன்வைத்து நின்று, இடுப்பைத் திருகாமல் கழியைத் தாங்கியில் செருகுங்கள். தேக்கா சந்தையில் வாங்கும் அரிசி மூட்டையை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தை நகர்த்துங்கள்.

காலையில் எழுந்த முதல் அரை மணி நேரம் ஆழமாகக் குனிய வேண்டாம். இரவில் முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூடுதல். வீடு துடைப்பதைச் சற்றுத் தள்ளிப்போடலாம். வலி வந்தால் படுக்கையில் கிடக்காமல் கீழ்த்தளத்தில் பத்து நிமிடமாவது நடங்கள்.

வலி தணிந்ததும் தவழும் நிலையில் எதிரெதிர் கையையும் காலையும் நீட்டிப் பத்து வினாடி நிறுத்துங்கள், பக்கத்துக்கு ஆறு முறை. முதுகில் ஒரு தம்ளர் வைத்தால் அது விழக்கூடாது. விழுந்தால் காலை அளவுக்கு மீறி உயர்த்துகிறீர்கள் என்று அர்த்தம். ஆறு அமர்வுக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் (பாலிகிளினிக்) போய், பிசியோதெரபிக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அந்த வழியில் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும்.